ஒரே நாளில் அஞ்சு பிரஸ் எதுக்கு?

நேத்து ஓபிக்கு ஒரு தம்பி வந்தார். வலது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. "திங்கட்கிழமை செஸ்ட் டே சார்" என்றார். ஃபிளாட் பெஞ்ச், இன்க்ளைன், டம்பெல் பிரஸ், மெஷின், கடைசியில் ஷோல்டர் பிரஸ்.

பெயர்தாங்க அஞ்சு. உழைப்பது அதே நெஞ்சுத் தசை, அதே முன்தோள், அதே ட்ரைசெப்ஸ். களைத்த தசையோடு எடையைத் தள்ளினால் ஃபார்ம் கெடும். சுமை தோளின் தசைநாண்களில் இறங்கும். தசை வலி சில நாளில் போயிடும். தசைநாண் வலி மாதக்கணக்கில் நிற்கும்.

என் கருத்து: ஒரு நாளைக்கு ரெண்டு பிரஸ் போதும். ஒரு ஃபிளாட், ஒரு இன்க்ளைன், தலா 3 செட். மிச்சத்தை வியாழனுக்குத் தள்ளுங்க. கூடவே ரோயிங் மாதிரி இழுக்கும் பயிற்சியும் செய்யுங்க.

அந்தத் தம்பி கேட்டது வலி ஊசி, மறுநாளே ஜிம்முக்குப் போக. போடலை. பிசியோதெரபிக்கு அனுப்பினேன்.