சிலுவைக் கல் யாருடைய காணி உறுதி?

அநுராதபுரத்தின் பழைய கோட்டைநகரை 1912-ம் ஆண்டில் அகழ்ந்தபோது கருங்கற்றூண் துண்டொன்று வெளிப்பட்டது. அதன் வழவழப்பான முகத்தில், படிகள் கொண்ட பீடத்தின்மீது, அடியிலிருந்து இருமருங்கும் இலைகள் எழ, சிலுவையொன்று செதுக்கப்பட்டிருந்தது. பௌத்த மன்னரின் தலைநகரிலே சிலுவையா? அன்றைய தொல்பொருள் ஆணையாளர் ஏர்ட்டன் அதனைப் போர்த்துக்கேயருடையதெனக் கொண்டார். அரசிழந்து பல நூற்றாண்டுகள் கழிந்த நகருக்குப் போர்த்துக்கேயர் சென்று சிலுவை செதுக்கியது எதற்கு? அக்கேள்வி நின்றது.

1926-ல் வரலாற்றாசிரியர் கொட்ரிங்டன் வழக்கைத் திருப்பினார். அவர் அழைத்த சாட்சி, 6-ம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கொஸ்மஸ். இத்தீவிலே பாரசீகக் கிறிஸ்தவருக்குக் கோயில் இருந்தது. பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் உதவிக்குருவும் இருந்தனர். மன்னரும் மக்களும் வேறு சமயத்தவர் என்பது அவர் வாக்கு. சீனப்பட்டு வந்திறங்கிய தீவிலே, வணிகரோடு அவர்தம் வழிபாடும் வந்திறங்கியதில் வியப்பென்ன? திருக்கேதீச்சரத்தின் அயலிலுள்ள மாந்தையிலும் 1980-களின் அகழ்வில் சிலுவை பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது.

இக்கல்லைத் தமிழருடையதென்று நாம் உரிமை கொண்டாடவில்லை. நாம் கேட்பது வேறு. இச்சிலுவை கிடைத்த நிலத்தைப் பாரசீகருக்கு எழுதிக் கொடுக்கவேண்டுமென எவரேனும் சொன்னதுண்டா? இல்லை. அங்கே கல் சாட்சியாக மட்டுமே நிற்கிறது. ஆனால், வடக்கிலும் கிழக்கிலும் பௌத்தச் சின்னமொன்று தோன்றியவுடன் அதே கல் காணி உறுதியாக மாறிவிடும் மாயம் என்ன? தமிழரிலும் பௌத்தர் இருந்தனர் என்பதை மணிமேகலையை அறிந்தோர் அறிவர். அச்சின்னங்களை மறைப்பது நமக்கும் தகாது; மறைக்கும் தேவையும் நமக்கில்லை.

2020-ம் ஆண்டு யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கெனச் ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்தவர் அன்றைய பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாய் வாழும் மாகாணத்திற்கு முதலில் நியமிக்கப்பட்ட உறுப்பினருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இல்லை. கல்லை வாசிக்கச் சாசனம் கற்றவன் வேண்டும். பாதுகாப்பு அமைச்சுக்கு அங்கென்ன வேலை?

அநுராதபுரத்துச் சிலுவைக்கு எந்த விதியோ அதே விதியைக் கிழக்கின் ஒவ்வொரு கல்லுக்கும் அரசு எழுத்திலே ஒப்புக்கொள்ளட்டும். ஆய்வாளர் குழியை அளக்கட்டும். உழவன் வயலை அளக்க அவர்களுக்கு எந்தச் சட்டம் இடங்கொடுத்தது என்பதை அரசு முதலில் காட்டட்டும்.