பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே ஒரு ஜீப்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வருவதும் ஏலத்தோட்டங்களில் காயெடுப்பு தொடங்குவதும் போடியில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கின்றன. தேறிய பெண் பி.எட். சேரலாமா, போட்டித் தேர்வுக்குப் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல் கேட்கிறது: "சும்மாதானே இருக்க, அதுவரைக்கும் மலைக்கு வா." அந்த 'அதுவரைக்கும்' பல வீடுகளில் முடிவதே இல்லை. இதை இப்போதே அபாயம் என்று சொல்லியாக வேண்டும்.

மலை வேலை இழிவான வேலை அல்ல. விடியும் முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகிறார்கள் பெண்கள். செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரத்தைக் குனிந்து விலக்கி, பிஞ்சில் நகம் படாமல் விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வேண்டும். பழகிய கைக்குத்தான் அது வரும். அந்த உழைப்பின் மேல் நிற்கும் ஊர் இது. ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே இங்கே ஒரு கல்லூரி இருக்கிறது. 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அம்மா மலையேறியது மகள் வேறு வேலையைத் தேர்ந்தெடுப்பதற்காக. வழியில்லாமல் மகளும் அதே ஜீப்பில் ஏறினால் அம்மாவின் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண்.

பட்டமளிப்பு மேடைகளில் "பிடித்த வேலையைச் செய்யுங்கள், பணம் பின்னாலேயே வரும்" என்று பேசுகிறார்கள். பணம் வரும்வரை வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று யாரும் சொல்வதில்லை. நாள்கூலி, வேலை இருக்கும் நாளுக்குத்தான். மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் முதலில் வெட்டப்படுவது ஆள்கூலி. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், 2022இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. குழுக் கடன் தவணைக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில், பி.எட். படித்து ஆசிரியர் ஆகிறேன் என்று ஒரு பெண் எப்படி வாய்திறப்பாள்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கைகொடுக்கும் நல்ல பணம். ஆனால் படிப்பு முடிந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. எந்த மாதத்தில் அந்தப் பிள்ளை தன் வாழ்க்கை வேலையைத் தீர்மானிக்க வேண்டுமோ, அந்த மாதத்தில்தான் கையில் காசு இல்லை. ஜீப் மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது.

2023 ஜூனில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு போடிக்கு ரயில் திரும்பியது. மகிழ்ச்சிதான். ஆனால் படித்தவர்களுக்கு வேலை தேடி வெளியூர் போவது மட்டுமே வழி என்றாகிவிடக் கூடாது. காய் இங்கே தரம் பிரிக்கப்படுகிறது, இங்கேயே நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. பிறகு மூட்டையாக வெளியேறிவிடுகிறது. பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை, எண்ணெய் வடிப்பு, சிப்பமிடல் எல்லாம் இந்த ஊரிலேயே பெருகினால் வேதியியல் படித்தவருக்கும் வணிகவியல் படித்தவருக்கும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வேலை கிடைக்கும். வாரியமும் வணிகர்களும் மனம் வைத்தால் முடியும். அதற்குக் காலம் பிடிக்கும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாத உதவித்தொகையை, படிப்பு முடித்தபின் மேற்பயிற்சியிலோ தேர்வுத் தயாரிப்பிலோ இருப்பவர்களுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும். கூலியோடு ஒப்பிட்டால் 1,000 ரூபாய் சிறுதொகைதான். முதல் ஓராண்டுக்காவது அதை உயர்த்தியே தர வேண்டும். மலைக்கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். அடுத்த காயெடுப்புக்கு ஜீப்புகள் ஆள் சேர்க்க வருமுன் அதற்கான அரசாணை வெளியாக வேண்டும்.