எந்தக் கோல் கொண்டு அளப்பது?

ஐந்து ஆண்டுகளில் நாட்டின் டிஜிட்டல் பொருளாதாரத்தை 1,500 கோடி டொலருக்கு மேல் உயர்த்துவதென 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் இலக்கு வகுத்தது. இலக்கு வகுப்பதைக் குறை கூறுவாரில்லை. ஆயினும், இலக்கை எட்டிவிட்டோம் என்று நாளை அறிவிக்கப்படும்போது, எந்தக் கோல் கொண்டு அளந்தீர்கள் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அளவுகோலை முன்கூட்டி வகுக்காத இலக்கு, சாட்சியில்லாத வழக்கை ஒக்கும்.

2022-23இல் தன் தேசிய வருமானத்தில் 11.74 வீதம் டிஜிட்டல் பொருளாதாரத்தைச் சார்ந்தது என இந்திய அரசாங்கம் கணித்தது. இத்தகைய ஒற்றை எண்ணால் ஒரு தனித் தொழில் எங்கே நிற்கிறது என்பதை அறிய இயலாது. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தித் தாபனம் 2018இல் தொழில்களைத் தனித்தனியே எடைபோட்டது. கணினிக்கும் மென்பொருளுக்கும் இட்ட முதல், வாங்கிய தொழில்நுட்பச் சேவைகள், ரோபோக்களின் தொகை, நிபுணர்களின் வீதம், இணையவழி விற்பனை ஆகியவற்றை அது நோக்கிற்று. விவசாயம் கடைசி வகுப்பிலேயே இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 12 அம்சங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் நான்கையேனும் கையாளும் தாபனம் அடிப்படைத் தரத்தை எட்டியதாகக் கொள்கிறது.

இக்கோல்களை நமது தேயிலைத் தொழிலின்மீது வைத்துப் பார்ப்போம். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கொரோனா ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நேரில் நடந்துவந்த முறை, தேவை நெருக்கியபோது சில வாரங்களுள் மாறிவிட்டது. இணைய விற்பனையை மட்டும் அளந்தால், தேயிலை இன்று முன்னணித் தொழில்!

ஆனால் தேயிலை ஏலத்தில் விளைவதன்று. மலைநாட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்புக்குத் தராசே நீதிபதி. சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசு வந்துவிட்டது. அது காட்டும் எடை, எழுத்து வடிவில், அவளுடைய மொழியில், அவள் கைக்கு வருகிறதா? ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் அதில் பதிவாகின்றனவா?

நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருபவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்கள். காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிங்கள விவசாயிகள் இவர்களுள் பெருந்தொகையினர். விற்பனை வருவாயில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவர்க்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விகிதம். விற்ற விலை ஏலம் நடக்கும்போதே கணினியில் பதிவாகிறது. அதை விவசாயியும் காண முடியுமாயின், தன் பங்கைத் தானே கணக்கிட்டுக்கொள்வான். காண முடியாதாயின், அக்கணினி ஒரு தரப்புக்கு மட்டுமே சாட்சி சொல்லும்.

தொழில் நலிந்திருக்கும் வேளையில் இச்செலவை யார் தாங்குவது என்று கேட்பார் உளர். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆயினும், வாங்குவோருக்கும் தரகருக்கும் தேவை எழுந்தபோது வழி பிறந்ததே! ஒரு தராசையும் ஒரு பதிவேட்டையும் இணைப்பது ஏலம் முழுவதையும் இணையத்துக்கு மாற்றுவதிலும் கடினமன்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இத்தகைய பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. ஒரே பதிவு இரு தரப்பாரிடமும் இருக்குமாயின், எடைத் தகராறுகளிற் பல எழுமுன்னரே தீர்ந்துவிடும்.

ஆதலால், தேயிலைத் தொழிலின் டிஜிட்டல் வளர்ச்சியை அளக்கப் புகுவோர் மூன்றையும் எண்ணிக் கூறுதல் வேண்டும். எத்தனை நிறுவைகளின் பதிவு தொழிலாளியின் கைக்கும் கிடைக்கிறது? எத்தனை சிறுதோட்டக்காரர் தம் கொழுந்து ஈட்டிய விலையை உடனுக்குடன் அறிகின்றனர்? எத்தனை பேர் தமக்குரிய பணத்தை, கழிவுகளின் விபரத்தோடு, நேரே தம் கணக்கிற் பெறுகின்றனர்?

இவற்றுக்கான விடைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளியிடுவது அரசாங்கத்தின் கடமை. அவற்றைக் கேட்டு வாங்குவது தொழிற்சங்கங்களதும், மக்கள் பிரதிநிதிகளதும், கற்றோரதும் கடமை. அம்மூன்று தொகைகளும் உயரும்வரை, தேயிலைத் தொழில் டிஜிட்டல் யுகத்தில் நுழைந்துவிட்டது என்ற பேச்சை நாம் ஏற்பதற்கில்லை.