256 போதும்னு நினைச்சவன் எழுதுறேன்

போன வாரம் முதலாமாண்டு படிக்கிற தம்பி ஒருத்தன் வந்தான். "அண்ணா, வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். எஸ்எஸ்டி எவ்வளவு போடலாம்? கடைக்காரர் 256 ஜிபி போதும்ங்கறார். யூட்யூப்ல பார்த்தா 4 டிபி இல்லாம இறங்காதேங்கறாங்க"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் பெரிய சவுண்ட் இன்ஜினியர் இல்லீங்க. ஆனா இந்த விஷயத்துல நல்லா அடிபட்டவன்.

முதல்ல ஒரு கணக்கு. பயப்படாதீங்க, வெறும் பெருக்கல்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கை ரெக்கார்ட் செய்தால் நொடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 3 பைட். நிமிடத்துக்கு 8.6 எம்பி வரும். 5 நிமிடப் பாட்டு, 24 டிராக் என்றால் சுமார் 1 ஜிபி. ஒரே டேக்கில் பாடி முடிக்கிற மகானுபாவர்கள் நம்ம கல்லூரியில் கிடையாது, அதனால நாலால் பெருக்கிக்குங்க. பாட்டுக்கு 4 ஜிபி. மாசம் ரெண்டு பாட்டு போட்டாலும் வருஷத்துக்கு 100 ஜிபி தாண்டாது.

அப்போ 256 போதுமே? இப்படித்தான் நானும் நினைச்சேன். அட்டையில் 256ன்னு இருந்தது, விண்டோஸ் காட்டினது 238. (கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024ஆல் வகுக்குது. ஏமாத்து வேலை இல்லை, ஆனா கடுப்பாத்தான் இருக்கும்.) அதுல விண்டோஸ், அதோட அப்டேட்கள், கல்லூரி ப்ராஜெக்ட் சாமான், நாலு படம். இதுபோக ஐந்தில் ஒரு பங்காவது காலியா விடணும். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துடும்.

உண்மையான தீனிப்பண்டாரம் ரெக்கார்டிங் இல்லை, சாம்பிள் லைப்ரரி. கீஸ்கேப் என்கிற கீபோர்டு லைப்ரரி மட்டுமே 77 ஜிபி. லாஜிக் ப்ரோவின் ஒலிகளை முழுசா இறக்கினால் 72 ஜிபி. எஸ்எஸ்டியின் வேகம் உண்மையில் தேவைப்படுறதும் இங்கேதான். கொன்டாக்ட் மாதிரி மென்பொருள்கள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் மெமரியில் வச்சுக்கிட்டு, நீங்க கட்டையை அழுத்தின பிறகு மிச்சத்தை டிஸ்கிலிருந்து இழுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் அங்கே திணறும். ஆனா ரெக்கார்டிங்குக்கு? 24 டிராக் சேர்ந்தாலும் நொடிக்கு 3.5 எம்பி, அவ்வளவுதான். அதனால 7,000 எம்பி வேகம்னு விளம்பரம் பார்த்து மயங்காதீங்க. அந்தக் காசை கொள்ளளவுல போடுங்க.

ரெண்டாம் வருஷம் நண்பனோட குறும்படத்துக்கு இசை செய்தோம். விடுதி அறையில் ஜன்னலைப் போர்வையால மூடி, ஃபேனை நிறுத்தி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மிருதங்கம் ரெக்கார்ட் பண்ணினோம். வாசிச்சவன் வேர்வையில் குளிச்சுட்டான். படம் முடிஞ்சது. அடுத்த வேலை வந்தப்போ டிஸ்க் சிவப்பாயிடுச்சு. ஏற்கெனவே எம்பி3 எடுத்தாச்சேன்னு அந்த ஃபோல்டரை அழிச்சேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செஞ்சேன், ரொம்பப் பொறுப்பா.

நாலு மாசம் கழிச்சு இயக்குநர் வந்து, "மச்சி, ஒரு விழாவுக்கு அனுப்பணும். வசனம் சரியா கேக்கல, பாடின குரலை எடுத்துட்டு மிருதங்கம் மட்டும் கொடு"ன்னான். எம்பி3யிலிருந்து மிருதங்கத்தைப் பிரிச்சுத் தர்ற மென்பொருள்கள் இருக்கு. போட்டுப் பார்த்தேன், தகர டப்பா சத்தம்தான் வந்தது. வாசிச்சவன் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டான். ஃபோன்ல விஷயத்தைச் சொன்னேன். திட்டியிருந்தா பரவாயில்லை, "விடுடா"ன்னு மட்டும் சொன்னான்.

ஆக என் கருத்து: மாணவனுக்கு 1 டிபி. அதோட ஒரு சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க், முடிஞ்ச ப்ராஜெக்ட்களை நகல் எடுத்து வைக்க. 2 டிபி எஸ்எஸ்டி வாங்கி நகலே இல்லாம இருக்கறதைவிட இது நூறு மடங்கு மேல், ஏன்னா எஸ்எஸ்டி போனால் பெரும்பாலும் சொல்லாமலேதான் போகும். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி வச்சு சினிமா பின்னணி இசை பழகறவங்களுக்கு 2 டிபி நியாயம். மேக் வாங்கறவங்க உள்ளே 512 வச்சுக்கிட்டு லைப்ரரிகளை வெளி எஸ்எஸ்டியில் போடலாம். ஆப்பிள் உள் கொள்ளளவுக்குக் கேக்கற விலை நமக்கு ஆகாது.

எழுதி எழுதி எஸ்எஸ்டி தேஞ்சுடும்னு சிலர் பயமுறுத்துவாங்க. சாம்சங் 870 ஈவோ 250 ஜிபிக்கே 150 டிபி எழுதுற வரை உத்தரவாதம் உண்டு. தினமும் 4 ஜிபி எழுதினால் நூறு வருஷம் ஆகும். அதுக்குள்ள நாம தேஞ்சுடுவோம்.

தம்பிகிட்ட 1 டிபின்னு சொல்லிட்டேன். அவங்க அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாராம், மிருதங்கம் கதையை நானே வந்து சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமை போறேன்.