எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது?

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற சாலையில் இருக்கிறது, பருத்திப்பட்டு. பெரிய ஏரி. ஏரிக்கு அக்கம்பக்கம் எல்லாம் வீடுகள். இங்கிருந்து வேலைக்குப் போகிறவர்களில் சிலர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். சிலர் ஆவடி டாங்கி தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளில் அலமாரியைத் திறந்தால், ஒரு பழைய லேப்டாப் இருக்கும். அது அரசாங்கம் கொடுத்தது.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, இதே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள காக்களூரில்தான், முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அக்காள் பிளஸ்-2 படித்தபோது வாங்கிய லேப்டாப்பைத் தங்கை இப்போது தூசி தட்டுகிறாள். அவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

"ஏம்மா, இது போதாதா? புதிது எதற்கு?" என்று அப்பா கேட்கிறார்.

"இதில் புது விண்டோஸ் ஏறாதுப்பா!" என்கிறாள் மகள்.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரிதான்!

பூட்டு போன வீடு

கம்ப்யூட்டர் வெறும் எந்திரம். அதை ஓட்டுவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். உலகத்தில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களை ஓட்டுவது, மைக்ரோசாப்ட் கம்பெனியின் "விண்டோஸ்". அதில் அவ்வப்போது ஓட்டைகள் தெரியவரும். திருடர்கள் அந்த வழியாக நுழைவார்கள். கம்பெனிக்காரர்கள் உடனே ஓட்டையை அடைப்பார்கள்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு, "விண்டோஸ் 10"-க்கு இந்த வேலையை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பெயரைப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை தவணை கொடுத்தது.

கம்ப்யூட்டர் நின்றுவிடாது. நேற்றுப்போலவே ஓடும். பூட்டு கெட்டுப்போன வீட்டிலும் குடியிருக்கலாம் அல்லவா, அதுபோல! ஆனால் அதில் பாங்குக் கணக்கைத் திறப்பது புத்திசாலித்தனம் அல்ல.

"விண்டோஸ் 11"-க்கு மாறலாமே? அதற்குத்தான் நிபந்தனை. உள்ளே ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால், பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாக இருக்க வேண்டும். எட்டாவது தலைமுறை விற்பனைக்கு வந்ததே 2017-ல்தான். 2011-ல் கொடுத்த லேப்டாப் எப்படித் தேறும்?

ரிச்சி தெருவில் ஜாக்கிரதை!

புதிது வாங்கப் பணம் இல்லை என்றால், பலர் ஆவடியில் ரெயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். மவுண்ட்ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் கிடையாது. ஆபீசுகளில் கழித்துக் கட்டிய லேப்டாப்களும் வந்து குவிகின்றன. விலை குறைவு. துடைத்து வைத்தால் புதிது போலவே இருக்கும்.

"சார், இது ஐ-7! பெரிய எந்திரம்!" என்று கடைக்காரர் சொல்லலாம். அவர் சொல்வது பொய் அல்ல. ஆனால் பழைய ஐ-7 தேறாது. புதிய ஐ-3 தேறும்!

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-6300 என்று இருந்தால், கோட்டுக்குப் பிறகு வருகிற 6-தான் தலைமுறை. அது ஆறாவது தலைமுறை, வேண்டாம். ஐ5-8250 என்றால் எட்டாவது தலைமுறை, வாங்கலாம். ஐ5-1135 என்றால் பதினொன்றாவது, இன்னும் நல்லது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதைப் பார்த்துவிடலாம். இன்ஜினீயர் வேண்டியது இல்லை.

எது தேவை?

சைக்கிள் கடைக்குப் போகிறவர், "நல்ல சைக்கிள் கொடுங்கள்" என்று மட்டும் கேட்பது இல்லை. மூட்டை ஏற்றவா, பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போகவா என்று சொல்லித்தான் கேட்கிறார். சைக்கிள் ஆலை இருந்த அம்பத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டாம்! கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் இந்தக் கேள்வி மறந்துபோகிறது.

பி.காம். படிக்கிற பெண்ணுக்கு "டேலி" வேண்டும். இன்ஜினீயரிங் மாணவருக்கு, எந்திர பாகங்களை வரைகிற "சாலிட்வொர்க்ஸ்" வேண்டும். இரண்டும் விண்டோசுக்காக எழுதப்பட்டவை. ஆகவே ஆப்பிள் கம்பெனியின் "மேக்" கம்ப்யூட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும், இவர்களுக்கு அது தலைவலிதான்.

இந்தப் பங்காளிச் சண்டை பழையது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் அதே மாதிரி செய்தன. விலை இறங்கியது, உலகம் முழுவதும் பரவியது. 1984-ல் ஆப்பிள் தன் "மேக்கின்டோஷ்" கம்ப்யூட்டரை வெளியிட்டது. பெரும்பாலும் அதைத் தானே செய்து தானே விற்றது. எந்திரம் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. படம் வரைபவர்களும் சினிமா வெட்டி ஒட்டுபவர்களும் இன்றும் அதை விரும்புகிறார்கள்.

"குரோம்புக்" என்று ஒன்று இருக்கிறது. அது கூகுளின் ஏற்பாட்டில் ஓடுவது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதும். ஆனால் இண்டர்நெட் இல்லாவிட்டால் அதற்குப் பாதி உயிர்தான்.

மடியிலா, மேஜையிலா?

அரசாங்கத்துக்கே இந்தக் குழப்பம் வந்தது! 2025 மார்ச் 14-ந் தேதி தமிழக பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு எல்காட் நிறுவனம் டெண்டர் கோரியபோது, லேப்டாப்புக்கே கோரியது. நல்ல முடிவு. டேப்லெட் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் சுகம். முப்பது பக்கக் கட்டுரையை அதில் தட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

சரி, மேஜைக் கம்ப்யூட்டரா, லேப்டாப்பா?

கொடுக்கிற காசுக்கு அதிக வலு, மேஜைக் கம்ப்யூட்டரில்தான். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கூடத்தில் வைத்தால் மூன்று பிள்ளைகளும் முறைவைத்துப் படிக்கலாம். பிள்ளை என்ன பார்க்கிறது என்று அம்மாவுக்கும் தெரியும்!

ஆனால் மின்சாரம் போனால்? 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் வந்தபோது, சென்னைப் புறநகரில் பல இடங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. மேஜைக் கம்ப்யூட்டர் அப்போது வெறும் பெட்டி. லேப்டாப் சில மணி நேரமாவது ஓடும். கல்லூரிக்கும் எடுத்துப் போகலாம். ஆகவே கல்லூரிப் பெண்ணுக்கு லேப்டாப். பள்ளிப் பிள்ளைகள் பலர் உள்ள வீட்டுக்கு மேஜைக் கம்ப்யூட்டர்.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா? 2025 கடைசியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். செயற்கை அறிவு கம்பெனிகள் தங்கள் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களுக்காக மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டன. உலகம் முழுவதும் மெமரி விலை எகிறியது. எங்கோ அமெரிக்காவில் வாங்குகிறார்கள். விலை ஏறுவது நம் ஊர்க் கடையில்! ஆகவே தேவை இல்லாமல் வாங்கவும் வேண்டாம். தேவை வந்த பிறகு தள்ளிப்போடவும் வேண்டாம்.

வாங்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். "மெமரியைப் பிறகு கூட்ட முடியுமா?" மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அதில் 8 ஜி.பி. என்றால் கடைசி வரை 8 ஜி.பி.தான்.

பழைய லேப்டாப் என்ன ஆவது?

அப்பாவுக்கு இப்போது ஒரு நல்ல செய்தி. அதை எடைக்குப் போட வேண்டாம்.

அரசு லேப்டாப்பில் விண்டோசுக்குப் பக்கத்திலேயே "பாஸ் லினக்ஸ்" என்று ஒன்றைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்! அது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. விலை இல்லை. 2014 ஏப்ரலில் "விண்டோஸ் எக்ஸ்பி"-க்கு இதே கதி வந்தபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களுக்குச் சொன்ன யோசனையும் இந்த பாஸ் லினக்ஸ்தான்.

அதன் புதிய பதிப்பையோ, வேறு ஒரு லேசான லினக்சையோ போட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால், பழைய லேப்டாப் மறுபடி ஓடும். டேலி ஓடாது. ஆனால் தமிழில் கட்டுரை எழுதலாம், பாடம் பார்க்கலாம்.

புதியது மகளுக்கு. பழையது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற தம்பிக்கு.