சுன்னத்து அட்டைப்பெட்டியில் இல்லை

 

சிவகாசி அச்சகங்களின் ஊர். அட்டையில் அச்சிட்டதெல்லாம் உள்ளே இருக்காது என்பதை இவ்வட்டாரத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், பற்பசைப் பெட்டியில் ‘மிஸ்வாக்’ என்றொரு சொல்லைக் கண்டதும் சுன்னத்து நிறைவேறியதென எண்ணி, காலையில் ஒருமுறை தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உம்மத்துக்குச் சிரமமாகும் என்ற கவலை இல்லையெனில், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவான செய்தி. அங்கே வலியுறுத்தப்பட்டது பெயரன்று, பழக்கம்.

மிஸ்வாக் குச்சி தரும் உகாய் மரத்தின் வேரில் கிருமிகளை அடக்கும் பென்சைல் ஐசோதயோசயனேட் உண்டு. கறையைத் தேய்த்தகற்றும் சிலிக்காவும் உண்டு. வேம்பின் சாறும் பற்கிருமிகளைக் கட்டுப்படுத்துவதை ஆய்வகங்கள் கண்டுள்ளன. இனிப்பை உண்டு கிருமிகள் உண்டாக்கும் அமிலமே எனாமலைக் கரைக்கிறது. ஃபுளோரைடு எனும் தாது அந்த எனாமலை உறுதியாக்குகிறது. அதுவே குடிநீரில் அளவு மிஞ்சினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறையாகிறது. இயற்கை என்பதாலேயே எதுவும் நன்மையாகிவிடாது. புகையிலையும் செடிதான், அது கலந்த பற்பொடியையும் பற்பசையையும் 1992-இல் இந்திய அரசு தடைசெய்தது.

இன்னொன்று: குழி விழுந்த பல்லை எந்தக் குச்சியும் அடைக்காது. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும். சொத்தையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும்.

மதரஸாவுக்குக் கன்னம் வீங்கி வரும் பிள்ளையின் அத்தாவிடம் கேட்டால், “கிராம்பு வச்சிருக்கோம் ஹஜ்ரத், சரியாயிடும்” என்கிறார். பட்டாசு ஆலையில் ஒருநாள் கூலி போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. அந்தக் கூலியின் அருமையை நாம் அறிவோம். ஆனால் ஒருநாளில் முடியும் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால், பின்னர் பல நாள் கூலியும் பல்லும் சேர்ந்தே போகும். நாவின் நுனி மேல்முன்பற்களைத் தொட்டால்தான் பிறக்கும் எழுத்துகள் குர்ஆனில் உண்டு. பல் சொத்தையாகி விழுந்த பிள்ளைக்கு அந்த மக்ரஜை எப்படிக் கற்பிப்பது?

பழியைப் பெற்றோர்மீது மட்டும் சுமத்தவில்லை. நன்றாக ஓதிய பிள்ளைக்கு மிட்டாய் பரிசளிப்பவர்கள் உஸ்தாதுகளாகிய நாமே. இனி பேரீச்சம்பழம் கொடுத்தாலும் வாய் கொப்பளிக்கச் சொல்லிக் கொடுப்போம். உளூச் செய்யுமிடத்தில் மிஸ்வாக்கைப் பழக்குவோம். சொத்தையைக் கண்ட அன்றே அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் காட்டுவோம். மிஸ்வாக்கை வலியுறுத்திய அதே நபியவர்கள்தாம் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். ஒன்றை எடுத்து மற்றதை விடுவது சுன்னத்தாகாது.

அல்லாஹ் நமக்கு விளக்கத்தையும் அமலையும் தருவானாக! ஆமீன்.