‘ரோக் ஒன்’ பெஸ்ட்டா, ‘சோலோ’ பெஸ்ட்டா? ஸ்டார் வார்ஸ் சண்டையில் திருப்பூருக்கு என்ன பங்கு?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் ஒரு சண்டை வந்துவிடும். “‘ரோக் ஒன்’ முன்னாடி ‘சோலோ’ எல்லாம் ஒரு படமா?” என்பார் ஒருவர். “படத்தைப் பார்க்காமலே திட்டறீங்க” என்று எகிறுவார் இன்னொருவர். வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் பொழுதுபோக்குச் சண்டைதான். ஆனால், எந்தக் கேரக்டர் ரசிகர்கள் மனசில் நிற்கிறதோ, அதுதான் அடுத்த சீசனில் டி-ஷர்ட்டிலும் ஏறும். அப்படிப்பட்ட டி-ஷர்ட்டுகளைத் தைத்து அனுப்பும் ஊர்களில் ஒன்று நம்ம திருப்பூர். அதனால் இந்தச் சண்டையைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

ஸ்பின்-ஆஃப் என்றால் என்ன?

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977-ல் வெளியானது. அவருடைய லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தை 2012-ல் சுமார் 405 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்குவதாக அறிவித்தது. அதன் பிறகு மெயின் கதை ஒரு பக்கம் ஓட, அதே உலகத்தில் நடக்கும் கிளைக் கதைகளைத் தனிப் படங்களாக எடுக்கத் தொடங்கினார்கள். அவைதான் ஸ்பின்-ஆஃப். 2016 டிசம்பரில் ‘ரோக் ஒன்’, 2018 மே மாதம் ‘சோலோ’ வந்தன.

தமிழில் இதைப் புரிந்துகொள்ள லோகேஷ் கனகராஜ் படங்கள் போதும். ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) எல்லாம் ஒரே உலகம். அதில் சில நிமிஷமே வந்த ரோலக்ஸுக்குத் தனிப் படம் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்பது ஸ்பின்-ஆஃப் ஆசைதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

‘ரோக் ஒன்’ உலக அளவில் சுமார் 105 கோடி டாலர் வசூலித்தது. ‘சோலோ’ 39 கோடி டாலரோடு நின்றது. அதன் தயாரிப்புச் செலவே 25 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்பட்டது. விளம்பரச் செலவையும் தியேட்டர் பங்கையும் கழித்தால் நஷ்டம்தான். தியேட்டருக்கு வந்த ஸ்டார் வார்ஸ் படங்களில் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்ட முதல் படம் என்ற பெயர் இதற்குக் கிடைத்தது.

அப்போ ‘சோலோ’ மோசமான படமா?

இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ‘சோலோ’ பக்கம் நிற்பவர்கள் சொல்லும் காரணம் டைமிங். ‘தி லாஸ்ட் ஜெடை’ 2017 டிசம்பரில் வந்து, ரசிகர்களை ஏற்கெனவே இரண்டு கோஷ்டியாக்கியிருந்தது. ஐந்தே மாதத்தில் ‘சோலோ’ வந்து நின்றது. எதிரில் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’, ‘டெட்பூல் 2’. போதாக்குறைக்கு, ஷூட்டிங் நடக்கும்போதே இயக்குநர்கள் பில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் நீக்கப்பட்டு ரான் ஹாவர்ட் வந்தார். செலவு ஏறியதற்கு அதுவும் காரணம்.

ஆனால், ‘ரோக் ஒன்’ படத்திலும் பெரிய அளவில் ரீஷூட் நடந்தது. அந்த வேலையில் முக்கியப் பங்கு வகித்த டோனி கில்ராய்தான் பிறகு ‘ஆண்டோர்’ தொடரை உருவாக்கினார். ஆக, ரீஷூட் மட்டும் ஒரு படத்தைக் கவிழ்க்காது.

உண்மையான வித்தியாசம் கதை கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ‘டெத் ஸ்டார்’ வரைபடத்தை யார் திருடினார்கள் என்பது 1977 படத்தில் ஒரு வரியோடு கடந்துபோன விஷயம். அந்த வரிக்குப் பின்னால் செத்துப்போன முகம் தெரியாத மனிதர்களைக் காட்டியது ‘ரோக் ஒன்’. திட்டம் ஜெயிக்கும் என்று தெரியும். அந்த மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று தெரியாது. ‘சோலோ’வில் நிலைமை தலைகீழ். ஹான் சோலோ சாகமாட்டான், செவ்பாக்கா நண்பனாவான், கப்பல் அவன் கைக்கு வரும். எல்லாமே முன்னாடியே தெரியும். படம் ஜாலியாக நகர்ந்தாலும் பதற்றம் வராதது இதனால்தான்.

‘ரோக் ஒன்’னில் குறையே இல்லையா? இருக்கிறது. முதல் பாதியில் ஆட்கள் மனசில் ஒட்டுவதற்குள் கிரகம் மாறிவிடுகிறது. கடைசியில் டார்த் வேடர் இருட்டு நடைபாதையில் சிவப்பு வாளோடு வரும் காட்சிதான் பலருக்குப் படத்தையே தூக்கி நிறுத்துகிறது.

இதில் திருப்பூர் எங்கே வருகிறது?

முதல் படத்துக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல், மெர்ச்சண்டைஸ் உரிமையைக் கேட்டு வாங்கியவர் லூகாஸ். பொம்மை, டி-ஷர்ட், டிபன் பாக்ஸ் என்று ஸ்டார் வார்ஸின் பெரிய காசு அங்கேதான் பிறந்தது.

ஒரு கேரக்டர் டி-ஷர்ட்டின் பயணம் பொதுவாக இப்படி இருக்கும். உரிமையாளரிடம் லைசென்ஸ் வாங்குவது வெளிநாட்டு பிராண்ட் அல்லது ரீடெய்ல் நிறுவனம். அவர்கள் ஆர்டர் கொடுப்பது இங்குள்ள எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு. நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் முடித்து, வெட்டிய துணி பிரிண்டிங் யூனிட்டுக்குப் போகும். கறுப்புத் துணியில் சிவப்பு பளிச்சென்று தெரிய வேண்டுமானால் அடியில் ஒரு வெள்ளைக் கோட் அடிக்க வேண்டும். சாம்பிளை பையர் ஓகே செய்த பிறகுதான் மொத்த அச்சு. அப்புறம் பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாம் முடிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும்.

இதில் ராயல்டி உரிமையாளருக்கு, பிராண்ட் லாபம் பையருக்கு. திருப்பூருக்கு வருவது பீஸுக்கு இவ்வளவு என்று பேசிய விலை. படம் ஹிட் ஆனாலும் அந்த விலை ஏறாது. கிடைத்தால் ரிப்பீட் ஆர்டர் கிடைக்கும். படம் கவிழ்ந்தால் அதுவும் இல்லை.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 2019 நவம்பரில் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் ‘பேபி யோடா’ என்று உலகமே கொஞ்சிய குரோகு அறிமுகமானது. சஸ்பென்ஸ் உடையக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே எந்தப் பொருளும் தயாரிக்கவில்லை. பொம்மைகள் அடுத்த ஆண்டுதான் கடைக்கு வந்தன. டி-ஷர்ட் மாதிரியான பொருட்கள்தான் முதலில் வந்து அந்த இடைவெளியை நிரப்பின.

லைசென்ஸ் கூடவே கண்டிஷனும் வரும். தன் பெயர் போட்ட பொருள் எந்த நாட்டில், எந்த ஃபேக்டரியில் தயாராகலாம் என்பதை டிஸ்னி முன்அனுமதி வழியாகக் கட்டுப்படுத்துகிறது. 2012 நவம்பரில் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆலைத் தீ விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிந்த ஆலையில் டிஸ்னி பிராண்ட் துணிகளும் கிடந்தன. அடுத்த ஆண்டே வங்கதேசம் உள்ளிட்ட சில நாடுகளில் உற்பத்தியை நிறுத்துவதாக டிஸ்னி அறிவித்தது. அதாவது, ஒரு ஆலையின் பாதுகாப்புக் குறை ஒரு நாட்டின் ஆர்டரையே பாதிக்கலாம்.

லைசென்ஸ் இல்லாமல் அடித்தால்?

“நாலு பீஸ் ஃபேன்ஸுக்காக அடிக்கிறோம், யார் கேட்கப்போறாங்க?” என்ற பேச்சு பிரிண்டிங் தொழிலில் புதுசு இல்லை. இன்றைக்கு ஒரு டி.டி.எஃப். மெஷின் இருந்தால் ஒற்றை பீஸ் கூட அடிக்கலாம். ஆனால், 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லோகோவைப் போலியாகப் போட்டால் 1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டமும் சேரும்.

உள்ளூர் ஹீரோ என்றால் மட்டும் ஃப்ரீயா? இல்லை. தன் பெயரைப் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரபலத்தின் பெயரும் உருவமும் பாணியும் அனுமதியில்லாமல் விற்பதற்கு அல்ல என்பதே அதன் சாரம்.

லைசென்ஸ் ஆர்டரில் மிஞ்சிய பீஸுக்கும் பொதுவாக இதே தலைவலிதான். சாதா சர்ப்ளஸ் மாதிரி காதர்பேட்டையில் தள்ளிவிட முடியாது. பையர் அனுமதி வேண்டும்.

அடுத்து என்ன?

‘சோலோ’ கவிழ்ந்த பிறகு ஓபி-வான், போபா ஃபெட் கதைகள் தியேட்டரை விட்டு ஓடிடி தொடர்களாக மாறின. 2019-க்குப் பிறகு தியேட்டருக்கான முதல் ஸ்டார் வார்ஸ் படமாக அறிவிக்கப்பட்டது ‘தி மாண்டலோரியன் அண்ட் குரோகு’. அதற்குக் குறிக்கப்பட்ட தேதி 2026 மே 22. இதுவும் கிளைக் கதைதான். ஆனால், டி-ஷர்ட்டில் ஏற்கெனவே ஜெயித்த ஒரு முகத்தை நம்பி எடுத்த கிளைக் கதை.

இந்த வகை டி-ஷர்ட்டுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கும் அதுதான் மிக முக்கியமான சந்தைகளில் ஒன்று. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஹிட் படம், ஃப்ளாப் படம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா ஆர்டரும் ஆட்டம் கண்டது. ரசிகர் மனசை ஜெயித்த கேரக்டராலும் வரியை ஜெயிக்க முடியவில்லை.

அடுத்த முறை கேரக்டர் டி-ஷர்ட் வாங்கும்போது உள்ளே லேபிளைத் திருப்பிப் பாருங்கள். உரிமை யாருடையது என்று ஒரு வரி இருக்கும். எந்த நாட்டில் தைத்தது என்று இன்னொரு வரி இருக்கும். லாபத்தில் பெரிய பங்கு போவது முதல் வரிக்கு. திருப்பூரின் ஷிப்ட் சம்பளம் இரண்டாவது வரியில் இருக்கிறது.